அடுத்த மாதம் வரவிருக்கும் பத்து நாவல்கள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதில்லை. எங்கள் பகுதி நூலகத்தில் புத்தகம் பதிந்து தருகிற பெண்மணி, என் புத்தகத்தில் தேதி முத்திரை குத்த வேண்டிய இடத்தில் குத்தாமல் சொல்லிக்கொண்டே போனது. எனக்குப் பின்னால் நின்றவர்கள் இருமிப் பார்த்தார்கள். அவர் நிறுத்தவில்லை.

"எழுதிக்கோங்க சார். பேர் மட்டும் வேண்டாம்."

ஆகவே இதில் யாருக்கும் பேர் கிடையாது. வாசகர்கள் அவரை 'லிஸ்ட் அக்கா' என்பார்கள். அடுத்த மாதம் வெளிவரப்போகும் புது நாவல்களில் பத்தைப் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதி, மாதக் கடைசியில் வாசல் பலகையில் ஒட்டுவார். ஒட்டிய பசை காய்வதற்குள் முன்பதிவுக்கு ஆள் நிற்கும். இவர் நன்றாக இருக்கிறது என்றால் இருக்கும். அதனாலேயே பதிப்பகங்கள் புத்தகம் வெளிவருமுன்பே இவருக்கு ஒரு பிரதி அனுப்பிவிடும்.

2

கதையை இப்படித் தொடங்கினேன்:

'அந்த மாதப் பட்டியலில் ஒன்பது நாவல்களே இருந்தன. பத்தாவது நாவல் அக்காவின் கைப்பைக்குள் ஒரு வெடிகுண்டைப் போல

(வேண்டாம். கைப்பையில் இருந்தவை ஒரு சீப்பு, ஒரு மருந்துச் சீட்டு, ஒரு புத்தகம். புத்தகத்தை எழுதியது அவருடைய தங்கை. இப்படிச் சொன்னாலே போதும்.)

3

அக்காவின் அப்பா நாற்பது வருடம் ஓர் அச்சகத்தில் ப்ரூஃப் பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்காது. மகளின் மாதப் பட்டியல் அவருடைய சிவப்புப் பேனாவைத் தாண்டித்தான் வாசலுக்குப் போகும்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் சின்னவள் தன் முதல் நாவலின் கையெழுத்துப் பிரதியை அவரிடம் கொடுத்தாள். இருநூற்றுப் பதினாலு பக்கம். பத்து நாள் கழித்துத் திருப்பித் தந்தார். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு. ஒற்று விட்டது, ஒருமை பன்மை இடித்தது, எல்லாம் இருந்தது. கதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடைசிப் பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்த்தாள். அங்கேயும் ஒன்றுமில்லை. அந்த வாரமே வேலையை ஊர் மாற்றி வாங்கிக்கொண்டு போனவள்தான். அக்காவோடு எப்போதாவது பேசுவாள். அப்பாவோடு இல்லை.

இந்த இடத்தில் எனக்கு அந்த மனிதர் மேல் நம்பிக்கை போய்விட்டது. அத்தனை பக்கம் படித்துவிட்டு ஒருவரால் எப்படி வாயைத் திறக்காமல் இருக்க முடியும்? அக்காவிடமே கேட்டேன்.

"பிடிக்கலன்னா பென்சில்ல நாலு கோடு போட்டுக் குடுத்துடுவார் சார். ரொம்பப் பிடிச்சாத்தான் வரி விடாமத் திருத்துவார். ப்ரெஸ்ல எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவளுக்குத்தான் தெரியாது."

"நீங்க சொல்லியிருக்கலாமே?"

அக்கா முத்திரையை மைப்பெட்டியில் ஒற்றினார். இன்னொரு முறை ஒற்றினார்.*

* இந்தக் கதையில் எனக்கு விடை தெரியாத ஒரே கேள்வி இதுதான். திரும்பக் கேட்கவும் மனசு வரவில்லை.

4

அப்பா அந்த மாதப் பட்டியல் தாளை வாங்கி, கண்ணாடியை மாட்டி, மேலிருந்து கீழே விரலை ஓட்டினார்.

"ஒன்பதுதான் இருக்கு."

"இந்த மாசம் அவ்ளோதாம்பா வருது."

"தலைப்புல பத்துன்னு போட்டிருக்கியே."

தலைப்பை மாற்ற அக்கா மறந்திருந்தார். நாற்பது வருடப் பழக்கமுள்ள கண்ணை ஏமாற்றப் பார்த்தது தன் முட்டாள்தனம் என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். அன்றைக்குச் சிரிக்கவில்லை. தாளை வாங்கிப் பத்தாவது வரியைக் கையாலேயே எழுதினார்: நாவலின் பெயர், தங்கையின் பெயர், 'முதல் நாவல்' என்ற குறிப்பு. (அந்தப் பழைய கையெழுத்துப் பிரதி அச்சேறவே இல்லை. இது வேறு நாவல்.)

அப்பா பேனாவைத் திறந்து, சின்னவள் பெயருக்கு முன்னால் இருந்த இனிஷியலை அடித்து, தன்னுடைய எழுத்தைப் போட்டார்.

"இனிஷியல் தப்பு."

"தப்பில்லப்பா. அம்மாவோட எழுத்து. அட்டையிலயே அப்படித்தான் இருக்கு."

"அட்டையிலயேவா?"

அக்கா கைப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். அப்பா அதைத் தொடவில்லை. குனிந்து பெயரை மட்டும் படித்தார்.

"நீங்கதானே சொல்லுவீங்க, அட்டையில எப்படி இருக்கோ அப்படித்தான் போடணும்னு."

"ஆமா. சொல்லியிருக்கேன்."

அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டாம். அடித்த எழுத்து சரிதான் என்று பிறகு தெரிந்தால், அதன் கீழே புள்ளி வைத்து, ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதுவார்கள். அப்பா ஒரு புள்ளி வைத்தார். ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதினார். தாளை மகளிடம் நீட்டிவிட்டு முகம் கழுவப் போனார்.

5

மறுநாள் பட்டியல் வாசலில் ஏறியது. மதியத்துக்கு மேல் அப்பா நூலகத்துக்கு வந்து, மற்றவர்களைப் போலவே மேசைக்கு முன் நின்று, பத்தாவது நாவலுக்கு முன்பதிவு செய்தார். அதற்குள் மூன்று பேர் பதிந்திருந்தார்கள். நூலகத்துக்கு வாங்குவது ஒரே பிரதி.

"என்கிட்ட இருக்கிறதையே படிங்களேம்பா."

"அது அவங்க உனக்கு அனுப்பினது."

"அப்ப முதல்ல உங்களுக்கே தர்றேன்."

"வரிசைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

நேர்மை என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கென்னவோ, அவர் அவகாசம் கேட்டதாகத்தான் தோன்றுகிறது.

அக்கா அதற்குள் படித்துவிட்டிருந்தார். "முதல் பாதி பூரா அவரைத் தோலுரிச்சிருக்கா சார். வாசிக்கவே கூசுது. நூத்தி அறுபத்தி மூணாம் பக்கத்துல ஒரு இடம் வருது. அதுவரைக்கும் வந்துட்டார்னா போதும். நடுவுல மூடி வெச்சிட்டாத்தான்..."

வாக்கியத்தை முடிக்கவில்லை. நானும் முடித்து வைக்கவில்லை.

6

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் சின்னவள் நூலக வாசலில் வந்து நிற்கிறாள். (பொய். அவள் இருப்பது வேறு ஊரில்.) இன்னொன்றில் அப்பா எண்பதாம் பக்கத்தில் புத்தகத்தை மூடி, மகளிடம் திருப்பித் தருகிறார். அதை எழுதிய தாளை நான்காக மடித்து எங்கேயோ வைத்துவிட்டேன். தேடவும் இல்லை.

உண்மையில் என்ன நடந்தது என்றால், இன்னும் நடக்கவில்லை. முதல் இரண்டு பேர் படித்துத் திருப்பிவிட்டார்கள். மூன்றாவது ஆள்தான் இழுத்தடிக்கிறார். தவணை முடிந்து ஆறு நாளாகிறது.

அந்த மூன்றாவது ஆள் நான்.

படித்து முடித்து இரண்டு வாரமாயிற்று. இந்தக் கதை முடியட்டும் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு புத்தகத்தை வைத்திருக்கிறேன். அந்த நூற்று அறுபத்து மூன்றாம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்ல மாட்டேன். உங்களுக்கு முன்னால் படிக்க வேண்டியவர் ஒருவர் இருக்கிறார். அந்தப் பக்கத்தின் ஓரத்தை மடித்து வைக்கலாமா என்று நேற்று யோசித்தேன். புத்தகம் அங்கேயே திறந்துகொள்ளும். விரல் பக்கத்தின் மூலை வரை போனது.

மடிக்கவில்லை.

நூலகம் ஒன்பது மணிக்குத் திறக்கும். இப்போது எட்டே முக்கால். புத்தகம் பையில் இருக்கிறது, செருப்பு மாட்டியாகிவிட்டது. நான் கொடுத்ததும் அக்கா அப்பாவுக்கு போன் செய்வார். அவர் எந்தப் பக்கம் வரை போவார் என்பதை நீங்கள் சொல்லுங்கள். நான் கிளம்புகிறேன்.