இன்டர்கூலரில் புல்வாசம்

ஈவார் செத்துப்போனது ஒரு வியாழக்கிழமை. பகல் முழுக்க சிக்ஸ்டனின் மஞ்சள் காருக்கான இன்டர்கூலரை வெல்டிங் செய்தான். சாயங்காலம் கடுகு விழுது கலந்து இரண்டு கிண்ணம் பட்டாணி சூப் குடித்தான். ஒன்பது மணிக்கு லேசாக இருமினான். விடிவதற்குள் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு அடங்கிவிட்டது. நிமோனியா என்று எழுதிக் கொடுத்தார்கள். நாற்பத்தாறு வயதில் கரடி மாதிரி இருந்த ஆளுக்கு ஒரே ராத்திரியில் நிமோனியாவா என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. வடக்கே ஹெல்சிங்லாந்து வட்டாரத்துக்காரர்கள் அப்படித்தான், பனிக்காலத்தில் எதையும் கேட்கமாட்டார்கள்.

அடக்கம் முடிந்த மூன்றாம் வாரம் சிக்ஸ்டன் பட்டறைக்கு வந்தான். ஈவாரின் மனைவி வெண்டேலா மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். மேசையில் பாதி முடிந்த இன்டர்கூலர் கிடந்தது. இடப்பக்கத் தொட்டி ஒட்டியிருந்தது, வலப்பக்கத்துக்கு அளவெடுத்து வெட்டிய அட்டை மட்டும்தான். அட்டையில் ஈவாரின் கோணல் கையெழுத்து.

"காரை எடுத்துட்டுப் போயிடறேன் வெண்டேலா. இந்த வருஷம் உறைஞ்ச ஏரியில பந்தயம் ஓட்டலைன்னா குடியா முழுகிடும்?"

"நீ ஓட்டுறதைப் பார்த்தா எப்பவும் காரே முழுகற மாதிரிதான் இருக்கும். விட்டுட்டுப் போ, நான் முடிக்கிறேன்."

"நிஜமாவா?"

"அவன் தொட்ட கடைசி வேலை. வேற எவன் கையிலயும் கொடுக்கமாட்டேன்."

அவளும் கைதேர்ந்தவள்தான். பதினெட்டு வருஷமாக ரேடியேட்டர் அவள் பங்கு, இன்டர்கூலர் அவன் பங்கு. காரின் மூக்கு தாழ்வானது. இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்த இடமில்லை. அதனால் உள்ளங்கைகளை மணிக்கட்டில் சேர்த்து விரித்த மாதிரி சாய்த்துவைத்து, முன்னால் நுழையும் குளிர்காற்றை இரண்டுக்கும் பங்குபோட வேண்டும். டர்போ அழுத்தித் தள்ளும் சூடான காற்றை மேலே இருக்கும் இன்டர்கூலர் ஆற்றும், என்ஜின் தண்ணீரைக் கீழே இருக்கும் ரேடியேட்டர் ஆற்றும். வரைபடம் அவளுடையது.

முதல் நாள் ரேடியேட்டரை முடித்தாள். மறுநாள் இன்டர்கூலரில் கைவைத்தாள். அது பழைய லாரியிலிருந்து கழற்றியது. தடிமனாக வேண்டுமென்று சிக்ஸ்டன் எங்கேயோ தேடிப் பிடித்துக் கொண்டுவந்திருந்தான். அதன் இடுக்கெல்லாம் எண்ணெய். சூடு பட்டதும் எண்ணெய் கொதித்து வெளியே வந்து அலுமினியத்தில் கரும்புள்ளி விழும். அதனால் ஈவார் வைத்திருந்த, பெயர் அழிந்துபோன ஸ்ப்ரே டப்பாவை எடுத்து நன்றாக அடித்துத் துடைத்தாள். காற்றாடியை நிறுத்தினாள், கதவையும் சாத்தினாள். காற்றோட்டம் இருந்தால் வெல்டிங்கைக் காக்கும் ஆர்கான் வாயு கலைந்துவிடும். இந்தத் தொழிலில் யாரும் செய்வதுதான்.

தீப்பொறி பிடித்த கொஞ்ச நேரத்தில் வாசம் வந்தது. அறுத்துக் காயப்போட்ட புல்லின் வாசம். வெளியே முழங்கால் அளவு பனி, மைனஸ் பதினேழு. பட்டறை ஒரு காலத்தில் ஈவாருடைய அப்பாவின் வைக்கோல் கொட்டகை என்பது உண்மைதான், ஆனால் அங்கே புல் கிடந்து முப்பது வருஷமாகிறது.

அவள் முகமூடியைத் தூக்கினாள். அந்த வியாழக்கிழமை சூப் குடிக்கும்போது ஈவார் சொன்னது அது. "இன்னிக்கு பூரா பட்டறையில புல்லு வாசம் வெண்டேலா. ஜூலை மாசம் அப்பா கூட நிக்கிற மாதிரி இருந்துச்சு." அவள் சிரித்துவிட்டு உப்பை நகர்த்தினாள். அதற்காக அவள் தன்னை இன்னும் மன்னிக்கவில்லை.

"ஈவார்?" என்றாள் சத்தமாக. வாசம் மட்டும் இருந்தது.

அன்றிலிருந்து அவன் தினமும் வந்தான். ரேடியேட்டருக்குத் தாங்கிகள் ஒட்டும்போது வரவில்லை. உயிரோடு இருந்தபோதே ரேடியேட்டர் என்றால் அவனுக்கு இளக்காரம், தண்ணிப்பானை என்பான். இன்டர்கூலரில் கைவைத்தால் மட்டும் வந்தான். ஒருநாள் டப்பாவை எடுக்காமல் கம்பித் தூரிகையால் தேய்த்து ஒட்டிப் பார்த்தாள். அன்று அவன் வரவில்லை. எண்ணெய் போகாத வேலைக்கு அவன் எப்படி வருவான், சுத்தத்தில் அவன் பெரிய கிறுக்கனாயிற்றே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். துக்கத்தில் இருப்பவர்கள் கணக்குப் போடும் லட்சணம் இது.

ஒரே நாளில் முடியும் வேலையை அவள் விரலளவு விரலளவாகப் பிரித்தாள். வேலை முடிந்தால் அவன் போய்விடுவான் அல்லவா. ஒட்டிக்கொண்டே பேசினாள், பனி தள்ளுகிற டிராக்டர் தபால்பெட்டியை இடித்ததை, அவனுடைய அக்கா கேட்காமலே எடுத்துப்போன பாத்திரங்களை. படுக்கும்போது நெஞ்சு அடைத்தது, இருமல் வந்தது. அழுகையின் அடைப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

சிக்ஸ்டன் போனில் கேட்டான்: "என்ன, இன்டர்கூலருக்கு எம்ப்ராய்டரி போடறியா? சனிக்கிழமை ஐஸ் மேல எல்லாரும் நிப்பாங்க. நான் கையை வீசிட்டு நடந்தா போறது?"

"வியாழக்கிழமை வா. முடிச்சுத் தரேன்."

வியாழக்கிழமை கடைசி இணைப்பு மட்டும் பாக்கி. இணைப்பு நீளமானது, எண்ணெய் அதிகம். டப்பாவைச் சொட்டச் சொட்ட அடித்தாள், காயும்வரைகூடப் பொறுக்கவில்லை. தீப்பொறி பிடித்ததும் வாசம் எழுந்தது, இதுவரை வராத அளவுக்கு. கொட்டகை நிறையப் புல் வந்து இறங்கின மாதிரி இருந்தது. இணைப்பின் பாதியில் நிறுத்தி, முகமூடியைத் தூக்கி, கண்ணை மூடி நெஞ்சு நிறைய இழுத்தாள். தொண்டை எரிந்தது. இன்னொரு முறை இழுத்தாள்.

"போகாதே" என்றாள்.

கதவு திறந்தது. சிக்ஸ்டன் கையில் இலவங்கப்பட்டை பன் பொட்டலத்தோடு நின்றான். "காபி இருக்கா, இல்ல நானே..." என்று ஆரம்பித்தவன் மூக்கை உறிஞ்சினான். அவன் முகம் மாறிய மாதிரி ஒரு முகம் மாறி அவள் பார்த்ததில்லை. பொட்டலத்தைப் போட்டுவிட்டு, அவள் சட்டைக் காலரைப் பிடித்துத் தரதரவென்று வெளியே இழுத்துப் பனியில் தள்ளினான்.

"பைத்தியமா உனக்கு? விடுடா! அவன் உள்ளே இருக்கான்!"

"யாரு?"

"ஈவார். வாசம் வரலையா உனக்கு?"

சிக்ஸ்டன் ஊர்த் தீயணைப்புப் படையில் பகுதிநேர ஆள். அவன் மண்டியிட்டு அவள் தோளைப் பிடித்தான்.

"வெண்டேலா, கேளு. அது பாஸ்ஜீன். வருஷா வருஷம் பயிற்சியில சொல்லித் தருவாங்க, புல்லு வாசம் வந்தா ஓடுன்னு. எதை வெச்சுத் துடைச்சே?"

"ஸ்ப்ரே... பழைய டப்பா."

"குளோரின் கலந்ததா இருக்கும். வெல்டிங் வெளிச்சம் பட்டா அது விஷவாயு. இழுத்தப்போ ஒண்ணும் தெரியாது. நல்லாத்தான் இருப்பே, சாப்பிடுவே. அப்புறம்..."

மீதியை இருவரும் அறிந்திருந்தார்கள். அவன் அப்போதே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தான்.

மருத்துவமனையில் டாக்டரம்மா இருபத்துநாலு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்றார். வெண்டேலாவுக்கு ஒன்றுமே செய்யவில்லை, அதுதான் பயங்கரம். நன்றாக மூச்சு விட்டாள், கொடுத்ததைச் சாப்பிட்டாள். ஈவாரும் இப்படித்தான் கரண்டியை வைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டான்.

"அந்த டப்பா எங்கேருந்து வந்துச்சு?" என்று டாக்டரம்மா எழுதிக்கொண்டே கேட்டார்.

"பழம்பொருள் சந்தையிலேருந்து. ஒரு பெட்டி நிறைய. பழசுதான் அழுக்கை நல்லா எடுக்கும்னு..." அவள் போர்வையின் ஓரத்தை மடித்தாள். "நான்தான் வாங்கிட்டு வந்தேன். அவனுக்கு ஆசையா கொடுத்தேன்."

டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டார்.

மறுநாள் நுரையீரல் தெளிவாக இருந்தது. தப்பித்துவிட்டீர்கள் என்றார்கள். அவளுக்கு அதில் சந்தோஷம் வரவில்லை.

சனிக்கிழமையும் போய்விட்டது, ஏரியில் மற்ற கார்கள் ஓடின. திங்கட்கிழமை வெண்டேலா இன்டர்கூலரை வெந்நீரில் சோப்பு போட்டு நாலு தரம் கழுவி, காயவைத்து, கதவைத் திறந்துவைத்துக்கொண்டு மீதி இணைப்பை ஒட்டினாள். இணைப்பு அழகாக வந்தது. சுட்ட உலோக நாற்றம் மட்டும் வந்தது. பட்டறையில் யாரும் இல்லை. முன்பும் யாரும் இருந்ததில்லை.

அலமாரியில் டப்பா இருந்தது. எடுத்துக் குலுக்கினாள். இன்னும் பாதிக்குமேல் இருந்தது. ஒரு தடவை அடித்தால் போதும், ஒரு பொறி போதும். மூக்குக்குப் படுகிற அளவு மட்டும். இன்டர்கூலரை நோக்கி டப்பாவைப் பிடித்தபடி அவள் நெடுநேரம் நின்றாள், விரல் பொத்தானின் மேலேயே இருந்தது. பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு, மொத்தப் பெட்டியையும் வண்டியில் வைத்து நகராட்சிக் கழிவு மையத்துக்கு ஓட்டினாள்.

அங்கிருந்த ஆள் பெட்டியை வாங்கி வைத்துவிட்டு, அவள் கையிலிருந்த டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். "பேரே இல்லையே. பேர் இல்லாம வாங்கமாட்டோம். உள்ளே என்ன இருக்குன்னு எழுதிக் கொடு." ஒட்டுத்தாளும் பேனாவும் நீட்டினார்.

அவள் எழுதினாள். எழுதியதைப் பார்த்தபோதுதான் ஈவார் என்று எழுதியிருப்பது தெரிந்தது.

"இன்னொரு தாள் கொடு."

"ஏன், தப்பா எழுதிட்டியா?"

"ஆமா."

இரண்டாவது தாளில், குளோரின் கலந்தது, கொல்லும் என்று எழுதி டப்பாவில் ஒட்டினாள். அவர் அதை வாங்கப் பிடித்தார். அவள் கை விடவில்லை. பின்னால் ஒருவர் பழைய பெயிண்ட் வாளிகளோடு காத்திருந்தார்.

"விடும்மா" என்றார் அந்த ஆள், சாதாரணமாக.

விட்டாள். வண்டிக்குள் போய் உட்கார்ந்து, கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு, அடக்கத்தன்று அழாத அழுகையை அழுதாள்.