வேண்டாம் என்று சொன்ன வண்டி

ரப்பர் படகின் நடுவில், இறக்க மறந்த சரக்கு மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தாள் பாத்திரக்கடை முதலாளியம்மா. முன்னால் மகளும் மாப்பிள்ளையும், பின்னால் கணவர். மூன்று பேர் கையிலும் துடுப்பு. அவள் மடியில் மட்டும் நாலு பேர் செருப்பையும் திணித்துக் கட்டிய பை. பாறைகளுக்கு நடுவே ஆறு நுரை தள்ளிக்கொண்டு பாய்ந்தது. படகு தூக்கித் தூக்கிப் போட்டது. மற்ற மூவரும் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளாகக் கூச்சல் போட்டார்கள். அவளுக்கு வயிறு எரிந்தது. அத்தனை தண்ணீர் மேலே அடித்தும் அது அணையவில்லை.

எல்லாம் அந்த விசில்காரனால் வந்தது. படகை வழிநடத்த வந்தவன், புறப்படுமுன் கழுத்தில் விசிலோடு கரையில் எல்லோருக்கும் துடுப்பு கொடுத்துக்கொண்டே வந்து அவள் எதிரே நின்றான்.

"ஆன்ட்டி, உங்களுக்குத் துடுப்பு?"

ஆன்ட்டி என்றதிலேயே பாதி பற்றிக்கொண்டுவிட்டது. இருந்தாலும் முறைப்படி முகத்தைச் சுளித்து, "எனக்கெதுக்குப்பா இந்தக் கண்றாவியெல்லாம்?" என்றாள்.

"ஓகே ஆன்ட்டி" என்று அவன் துடுப்போடு போயே போய்விட்டான்.

போய்விடுவதா? ஒரு பேச்சுக்காவது, "சும்மா பிடிங்க, ஜாலியா இருக்கும்" என்று இன்னொரு தடவை கேட்க வேண்டாமா? இரண்டாவது தடவை அவள், "உன்னோட பெரிய தொல்லையாப் போச்சு" என்றிருப்பாள். மூன்றாவது தடவை வாங்கிக்கொண்டிருப்பாள். இது கூடத் தெரியாமல் இவனை யார் வேலைக்கு வைத்தார்கள்?

படகில் ஏறியதும் மாப்பிள்ளை திரும்பி, "அத்தை, என்னோடதை வச்சுக்கறீங்களா?" என்று கேட்கத்தான் செய்தார்.

"வேண்டாம் மாப்பிள்ளை, நீங்க போடுங்க."

"சரி அத்தை."

அவ்வளவுதான், கதை முடிந்தது. மாப்பிள்ளை மாதச் சம்பளக்காரர் வீட்டுப் பிள்ளை. அந்த வீட்டில் வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே அர்த்தம். பாவம், வளர்த்த விதம் அப்படி.

அவளுக்குப் பிறந்த வீடும் வியாபாரம், புகுந்த வீடும் வியாபாரம். பிடித்த பொருள் எதிரே வந்தால் முகம் தானாகக் கோணிக்கொள்ளும். மொத்த வியாபாரியின் கிடங்குக்குக் கணவர் அவளை இதற்காகவே அழைத்துப் போவார். அட்டைப்பெட்டி மலைகளுக்கு நடுவே, இருப்பதிலேயே நல்ல குக்கரைப் பொறுக்கி எடுத்து நகத்தால் சுண்டுவாள். "இதென்ன, தகர டப்பா மாதிரி சத்தம் வருது?" என்று கீழே வைப்பாள். கணவர் காதைச் சொறிவார். அது சைகை. உடனே அவள், "வாங்க, வேற எடத்துல பாக்கலாம்" என்பாள். இரண்டு பேரும் வாசலைப் பார்த்து நடப்பார்கள். மெதுவாக. கிடங்குக்காரன் யோசித்து, எச்சில் விழுங்கி, திரும்பக் கூப்பிட நேரம் கொடுத்து நடக்க வேண்டும். வாசல்படியைத் தாண்டியதாகச் சரித்திரமே இல்லை. கூரை வரை பாத்திரம் அடுக்கிய இன்றைய கடை அவளுடைய சுளித்த முகத்தின் மேல்தான் நிற்கிறது.

அப்படிப்பட்டவள் ஒரு விஷயத்துக்கு உள்ளுக்குள் உருகிப்போயிருந்தாள். இந்தப் பயணத்துக்குப் பணம் கட்டுமுன் மகள் செல்போனில் ஒரு வீடியோ காட்டினாள். அவள் வயதே இருக்கும் ஒரு பொம்பிளை, நாலு சக்கர மோட்டார் பைக்கில், நெற்றி வரை சேறோடு, மேட்டில் ஏறிக்கொண்டே சிரிக்கிறாள். "அசிங்கம்! இதுக்குக் காசு வேற குடுக்கறாங்களா?" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னாள் முதலாளியம்மா. அப்புறம் மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் பாத்திர மூடிகள் அடுக்கியிருந்த மறைவில் உட்கார்ந்து தன் செல்போனில் அதையே பார்த்தாள்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து கணவரின் ஸ்கூட்டரில் அவளுக்குப் பின்சீட்டு. மடியில் எப்போதும் ஒரு அட்டைப்பெட்டி. நேர் எதிரே அவருடைய சட்டைக் காலர். மற்ற ஊர் உலகமெல்லாம் அவளுக்குப் பக்கவாட்டில்தான் தெரியும். ஒரே ஒரு தடவை, தன் கையால் ஒரு வண்டியை முடுக்கி, எதிரே இருப்பதை எதிரே பார்க்க வேண்டும். ஆறு போனால் போகட்டும், மத்தியானம் பைக் இருக்கிறதே என்று செருப்புப் பையை இறுக்கிக்கொண்டாள்.

கரையேறியதும் தகரக் கொட்டகையில் சாப்பாடு. காய்ந்த ரொட்டி, ஒரு முட்டை, பெயருக்கு ஒரு வாழைப்பழம். கணவருக்கு வாயெல்லாம் பல்.

"மாப்பிள்ளை, இந்தச் சாப்பாடு எப்படி வந்துச்சு தெரியுமா? பணம் கட்டற எடத்துல ஒருத்தன், நாலு பேருக்கு நாலு வண்டின்னான். எங்க வீட்டம்மாவுக்கு அதெல்லாம் ஆகாது, என் பின்னாடி உட்கார்ந்துக்குவா, ஒரு வண்டியைக் கழிச்சுட்டு சாப்பாட்டைச் சும்மா சேர்த்துடுன்னேன். ஆடிப்போயிட்டான்!"

அவள் கையிலிருந்த ரொட்டியைப் பார்த்தாள். அவளுடைய வண்டி. பாதியைத் தின்றாகிவிட்டது.

"யாரைக் கேட்டுக் கழிச்சீங்க?"

"உன்னைத்தான்! வீடியோ பாத்தப்ப அசிங்கம்னியா இல்லையா?"

"சொன்னேன்."

"அப்புறம் என்ன?"

"அப்புறம் என்னவா? இத்தனை வருஷமா என் மூஞ்சியை வச்சுக் கடை நடத்தறீங்க. நான் அசிங்கம்னு சொன்னா என்ன அர்த்தம்னு ஊர்ல எவனுக்கு வேணா தெரியாம இருக்கலாம். உங்களுக்குமா தெரியாது?"

அவர் காதைச் சொறிந்தார். எதிரே கிடங்குக்காரன் யாரும் இல்லை. தெரியும், நன்றாகவே தெரியும் என்பது அந்தச் சொறிதலிலேயே தெரிந்துபோயிற்று. வெளியாளிடம் ஏமாந்திருந்தால் அவள் ஆறிப்போயிருப்பாள். கூட்டாளியே கழுத்தை அறுத்தால் எப்படி ஆறும்? அதுவும் ஒரு அவித்த முட்டைக்கு!

"வேணும்னா வாயைத் திறந்து கேக்க வேண்டியதுதானேம்மா" என்றாள் மகள்.

"கேக்கறதா? கேட்டு வாங்க நான் என்ன பிச்சைக்காரியா? வேலையைப் பாருடி."

கொட்டகைக்குப் பின்னால் மூன்று வண்டிகள் தயாராக நின்றன. தடித்த சக்கரங்கள், சேறு காய்ந்த மட்கார்டு. அதற்கப்பால் செம்மண் மேடு, மேட்டுக்கு மேல் வெறும் வானம். மகளும் மாப்பிள்ளையும் ஆளுக்கொன்றில் ஏறினார்கள். மூன்றாவதில் கணவர் ஹெல்மெட்டோடு உட்கார்ந்து, "இந்தா, பையைப் பிடி" என்று செருப்புப் பையை அவள் பக்கம் நீட்டினார்.

விசில்காரன் வந்தான். "ஆன்ட்டி பின்னாடிதானே? இல்ல, ஓட்டிப் பாக்கறீங்களா?"

வாய் தானாகக் கோணியது. "எனக்கெதுக்குப்பா இந்தக்..."

அவன் அதற்குள் திரும்பிவிட்டான். வாக்கியத்தை முடிக்கக்கூட விடவில்லை, பாவி. அவ்வளவுதான். இனி மேட்டின் உச்சி வரை சட்டைக் காலர்தான்.

"டேய், நில்லுப்பா!" என்று கத்தினாள். "எனக்கு வேணும்."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை எவ்வளவு சின்னது என்று தெரிந்தது. கணவர் பதறிக் குனிந்து கிசுகிசுத்தார்: "ஏய், மூஞ்சியைச் சரியா வச்சுக்கோ! இப்படி ஆசையைக் காட்டினா நாலாவது வண்டிக்கு யானை விலை சொல்லுவான்."

"நாலாவது வண்டி யாருக்கு வேணும்? எனக்கு இந்த வண்டி வேணும். இறங்குங்க."

"இது என்..."

"என் வண்டியை முட்டைக்கு வித்தீங்க இல்ல? இறங்குங்க."

இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றிக் கொடுத்தார். விசில்காரன் கட்டைவிரலால் எதை அழுத்த வேண்டும், கைப்பிடியில் எதைப் பிடித்தால் நிற்கும் என்று காட்டினான். "பயப்படாதீங்க ஆன்ட்டி, முதல்ல மெதுவா..."

"இன்னொரு தடவை ஆன்ட்டின்னு சொன்னா நேரா உன் மேலதான் விடுவேன்."

அவன் இரண்டடி தள்ளி நின்றுகொண்டான்.

"மாமா, நீங்க அத்தைக்குப் பின்னாடி ஏறிக்கங்க" என்றார் மாப்பிள்ளை.

கணவர் முகத்தைச் சுளித்தார். "எனக்கெதுக்கு மாப்பிள்ளை இந்தக் கண்றாவி? நீங்க போயிட்டு வாங்க. நான் நிழல்ல உட்கார்ந்துக்கறேன்." செருப்புப் பையோடு கொட்டகையைப் பார்த்து நடந்தார்.

மெதுவாக. ஒவ்வொரு அடியையும் எடுக்கலாமா வைக்கலாமா என்று யோசித்து எடுத்து வைத்தார். ஒரு தோள் லேசாகப் பின்னால் சாய்ந்து, கூப்பிடும் குரலுக்குக் காத்திருந்தது. கை காதுக்குப் போயிற்று. அந்த நடையை அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? எத்தனை கிடங்குகளில் கூடவே நடந்திருக்கிறாள்!

"அம்மா, அப்பா பாவம்மா. ஒரு தடவை கூப்பிடேன்."

"அவர்தான் வேண்டாம்னுட்டாரேடி" என்றாள் முதலாளியம்மா.

கட்டைவிரலை அழுத்தினாள். வண்டி உறுமித் துள்ளியது. எதிரே காலர் இல்லை, அட்டைப்பெட்டி இல்லை. மேடு முழுசாக அவளைப் பார்த்து வந்தது. பின்னால் விசில் சத்தம் கேட்டது. அதற்கும் பின்னால், "ஏய்! இரு, இரு, நானும் வர்றேன்!" என்று ஒரு குரல்.

யாரும் கூப்பிடாமலே வாசல்படியைத் தாண்டிவிட்டார் போலிருக்கிறது. சேற்றுப் பள்ளம் ஒன்று வந்தது. சுற்றிப் போக நல்ல பாதை பக்கத்திலேயே இருந்தது. அவள் நேராகப் பள்ளத்திலேயே விட்டாள்.