நரைத்த தலைக்கு நடவு இல்லை

குத்தாலத்துப் பண்ணைக்காரர் வயலில் போன வருஷம் ஒரு கிழவி நாற்றுமுடியோடு மயங்கி விழுந்தாள். அதிலிருந்து நரைத்த தலை எதுவும் வரக்கூடாதென்று சொல்லிவிட்டார். நடவுக்கு ஆள் கூட்டிப் போகிற பிரகதாம்பாள் அதை அப்படியே செந்தாமரையிடம் வந்து சொன்னாள்.

"ஒனக்கு அம்பத்தொண்ணுதான்னு எனக்குத் தெரியும்டி. அவருக்குத் தலைதான தெரியும்?"

சுற்றுவட்டார வயல்களிலெல்லாம் நடவு மெஷின் இறங்கிவிட்டது. மெஷின் புதைகிற உளை வயலுக்கு மட்டும்தான் இப்போது கை வேண்டும். குத்தாலத்தில் அங்கேயே தங்கி இருபது நாள் வேலை. அந்தக் கூலியை நம்பித்தான் மகள் கவிப்ரியா அடுத்த வாரம் மன்னார்குடி காலேஜில் சேர வேண்டும். வண்டி மறுநாள் விடியற்காலை.

செந்தாமரை லியாகத் அலி கடைக்குப் போய் டை கேட்டாள்.

"என்னக்கா, சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்களா?"

"பிரகதாம்பா வர்றா பாய்."

அவர் சிரித்துக்கொண்டே மூன்று பாக்கெட்டை எடுத்துப் போட்டார். மருதாணிப் பொடி நரையைச் சிவப்பாக்கிக் காட்டிக்கொடுத்துவிடும். க்ரீம் விலை அதிகம். மிச்சமிருந்தது தண்ணீரில் குழைக்கிற கறுப்புப் பொடி.

வீட்டில் கவிப்ரியா பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தாள். "காதுக்குப் பின்னாடி கொஞ்சம் தடவி ரெண்டு நாள் பாக்கணுமாம்மா."

"ரெண்டு நாள்ல அவளுவ ஒரு வேலி நெலத்தை நட்டு முடிச்சிருப்பாளுவ. தடவுடி."

பத்து நிமிஷத்தில் மண்டை எரிய ஆரம்பித்தது. கவிப்ரியா செம்பில் தண்ணீரோடு வந்து நின்றாள்.

"கழுவும்மா. எரிஞ்சா ஒடனே கழுவச் சொல்லிருக்கு."

"போடி. வயலுக்கு மருந்தடிச்சா கை எரியாமயா இருக்கு? எரிஞ்சாதான் புடிக்கிதுன்னு அர்த்தம்."

அரைமணி நேரம் போதும் என்று போட்டிருந்தது. அவள் ஒன்றரை மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சேற்றுப்புண்ணோடு நாள் முழுக்க நட்டவளுக்கு இது ஒரு எரிச்சலா?

விடியும்போது முகம் வீங்கி இரண்டு கண்ணும் மூடியிருந்தன. காதிலிருந்து நீர் வடிந்தது. முடி மட்டும் நன்றாகக் கறுத்திருந்தது.

அப்படியே முக்காடு போட்டுக்கொண்டு மகள் கையைப் பிடித்து ரோட்டுக்கு வந்தாள். பிரகதாம்பாள் முக்காட்டை விலக்கிப் பார்த்தாள்.

"அடிப்பாவி! என்னடி பண்ணி வச்சிருக்க?"

"சேத்துல எறங்குனா சரியாயிரும்க்கா."

"பொணத்தை என்னால தூக்கிட்டு வர முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போ." பிறகு வண்டிக்காரனைப் பார்த்தாள். "பத்துப் பேருன்னு சொல்லிருக்கேன். ஒம்பதா போனா பண்ணைக்காரரு என்னைத்தான் ஏசுவாரு."

கவிப்ரியா தன் கையை உருவிக்கொண்டாள்.

"நான் வர்றேன் பெரியம்மா."

"இவ வேணாம்க்கா," என்றாள் செந்தாமரை. "காலேஜ் தொறந்துரும்."

"அடுத்த வருஷம் சேந்துக்கிறேன். நீ போய் ஊசி போட்டுக்க."

"நடத் தெரியுமாடி?" என்று பிரகதாம்பாள் கேட்டாள்.

"தெரியாது."

"மத்தியானத்துக்குள்ள தெரிஞ்சிரும். ஏறு."

வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. செந்தாமரை இரண்டு விரலால் ஒரு இமையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். மகளின் முதுகுதான் தெரிந்தது.