மடித்த துண்டு

படகு இன்னும் கரையை விட்டே கிளம்பவில்லை, அதற்குள் சலவைக்கடைக்காரர் தன் மனைவியிடம் மூன்று தடவை "வசதியா இருக்கா?" என்று கேட்டுவிட்டார். முதல் தடவை அவள் தலையாட்டினாள். அடுத்த தடவை "ம்" என்றாள். மூன்றாம் தடவை கைப்பையிலிருந்து கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு கடல் பக்கம் திரும்பிவிட்டாள். அதற்கு மேல் கேட்க அவருக்கே வாய் வரவில்லை.

பாவம், அவரைச் சொல்லியும் குற்றமில்லை. நாளைக் காலையில் அவள் தன் அக்கா வீட்டுக்குப் போகிறாள். விருந்தாடப் போகவில்லை, திரும்பி வருவதாகச் சொல்லாமல் போகிறாள். பெட்டி கட்டிலடியில் தயாராக இருக்கிறது. "போ, வேண்டாங்கல. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு நாள் எனக்குக் குடு" என்று அவர் கெஞ்சியதில் வந்ததுதான் இந்தப் பயணம். காலையில் ஏறினால் சாயங்காலம்தான் கரை. நடுவில் மூன்று தீவுகள், ஒவ்வொன்றிலும் நிறுத்தி நீந்தவிடுவார்கள், மத்தியானச் சாப்பாடு படகிலேயே. நீச்சல் என்றால் எனக்கு உயிர் என்று கல்யாணமான புதிதில் அவள் சொல்லியிருக்கிறாள். கடலோ அவர்கள் கடையிலிருந்து கூப்பிடு தூரம். இத்தனை வருஷத்தில் ஒருநாள் கூட்டிக்கொண்டு போனவரில்லை. கேட்டால், கடையை யார் பார்ப்பது என்பார். கடை எங்கேயும் ஓடிப்போகாது, போகிறவள் மனைவிதான் என்பது இப்போதுதான் அவர் மண்டையில் ஏறியிருந்தது.

படகில் வேலை பார்க்கும் பெண் விசிலை ஊதி எல்லோரையும் பின்பக்கம் கூட்டினாள். வெயிலில் கறுத்து உரிந்த மூக்கு, கழுத்தில் விசில், கணீரென்ற குரல். ஆளுக்கொரு நீலத் துண்டைக் கொடுத்துவிட்டு, படகின் பக்கவாட்டில் இழுத்துக் கட்டியிருந்த கயிற்றைக் காட்டினாள். "தண்ணியில இறங்குறவங்க துண்டை இதுல கிளிப் போட்டு மாட்டிட்டு இறங்குங்க. ஏறி வந்ததும் எடுத்துக்கங்க. அவங்கவங்க துண்டை அவங்கவங்கதான் எடுக்கணும். கயித்துல துண்டு தொங்குனா ஆள் இன்னும் தண்ணியில இருக்குன்னு அர்த்தம். கயிறு காலியானாத்தான் நங்கூரத்தைத் தூக்குவோம். நான் தலையை எண்ண மாட்டேன். தலை மேல்தட்டுக்குப் போகும், பாத்ரூமுக்குப் போகும். துண்டு எங்கயும் போகாது." எல்லோரும் சிரித்தார்கள். சலவைக்கடைக்காரர் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்து, அவள் சிரிக்கிறாளா என்று ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவருக்குத் துணியைக் கண்டால் கை சும்மா இருக்காது. அது தொழிலால் வந்த வியாதி. கசங்கிய எதுவும் கண் முன்னால் கிடக்கக் கூடாது. பந்தி முடிந்த மேசையில் கைக்குட்டை கிடந்தாலும் மடிப்பார், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சால்வை நழுவினாலும் மடித்து அவர் மடியிலேயே வைப்பார். வீட்டுச் சண்டைகளும் அப்படித்தான். அவள் ஏதாவது சொல்ல வாயைத் திறந்தால், "சரி சரி, விடு" என்று நாலாக மடித்து உள்ளே வைத்துவிடுவார். அவள் கட்டிய பெட்டியைப் போன வாரம் திறந்து பார்த்தார். துணிகள் மடிக்காமல், சுருட்டிச் சுருட்டித் திணித்துக் கிடந்தன. கை துடித்தது. தொடாமல் மூடி வைத்தார். அதை நினைத்து அவருக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்தது.

எல்லாம் ஒரு ஸ்வெட்டரில் ஆரம்பித்தது. அவளுடைய அம்மா கடைசிக் காலத்தை இவர்கள் வீட்டுப் பின்னறையில்தான் கழித்தார். மாமியார் என்று பார்க்காமல் இவரும் தூக்கி உட்காரவைத்து, துடைத்து, மருந்து கொடுத்து எல்லாம் செய்தார். அதில் ஒரு குறை சொல்ல முடியாது. அம்மா போன பிறகு துணிமணிகளைக் கொடுத்துவிட்டு, சாம்பல் நிற ஸ்வெட்டர் ஒன்றை மட்டும் அவள் பிளாஸ்டிக் கவரில் போட்டு, வாயை இறுகக் கட்டி, அலமாரிக்கு அடியில் வைத்திருந்தாள். அது இவர் கண்ணில் பட்டது. அவிழ்த்தால் எண்ணெயும் தைலமும் வேர்வையும் கலந்த வாடை. மறந்துபோய் அழுக்கோடு வைத்துவிட்டாள் என்று நினைத்தார். மெஷினில் போடாமல், கம்பளிக்கென்றே இருக்கும் சோப்பில் கையாலேயே அலசி, நிழலில் காயவைத்து, ஆவி இஸ்திரி பிடித்து, அவள் தலையணைமேல் வைத்துவிட்டு, அவள் முகம் மலர்வதைப் பார்க்க வாசற்படியிலேயே நின்றார். அவள் அதை எடுத்து முகத்தில் வைத்தாள். வைத்தபடியே வெகுநேரம் இருந்தாள். "துவைச்சீங்களா?" என்றாள். "கையாலயே துவைச்சேன். புதுசு மாதிரி ஆயிடுச்சு பாரு!" என்றார் மனிதர். அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. ராத்திரி சாப்பிடும்போது, "அதுலதான் அம்மா இருந்தாங்க" என்று மட்டும் சொன்னாள். "சரி சரி, விடு" என்றார் அவர்.

முதல் தீவில் தண்ணீர் முழங்கால் அளவுதான். அவர் பேன்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு கரையோரம் நின்றார். அவருக்கு நீச்சல் சுட்டுப்போட்டாலும் வராது. அவள் கயிற்றில் துண்டை மாட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல், ஆழம் இருக்கும் பக்கமாகப் போய், சத்தமே இல்லாமல் தண்ணீருக்குள் நுழைந்தாள். கல்லாவுக்குப் பின்னால் முதுகு வளைந்து உட்கார்ந்து துணிகளுக்கு அடையாளம் குத்திக்கொண்டிருக்கும் அவளா இது என்று அவருக்குத் திகைப்பாக இருந்தது. தோள் புரள்கிறது, கை நீள்கிறது, தலை ஒரு பக்கமாக மூச்சுக்குத் திரும்புகிறது. அவளுக்கு யாருமே வேண்டியிருக்கவில்லை. இவ்வளவு நன்றாகப் போகத் தெரிந்தவளை எதைச் சொல்லி நிறுத்துவது?

சாப்பாட்டின்போது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அக்கா வீட்ல உனக்குன்னு ரூம் இருக்கா?" என்று ஆரம்பித்தார்.

"ஹால்ல படுத்துக்குவேன்."

"முதுகு வலிக்கும் உனக்கு."

அத்துடன் விட்டிருக்கலாம். "ஒரு ஸ்வெட்டருக்காகவா இவ்வளவும்?" என்று அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. வந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு மேல்தட்டுக்குப் போய்விட்டாள். இரண்டாவது தீவில் இறங்கி நீந்தியவள், திரும்பும்போது அவர் உட்கார்ந்திருந்த பின்பக்க ஏணியில் ஏறாமல், முன்பக்க ஏணியில் ஏறி, எட்டித் துண்டை எடுத்துக்கொண்டு, நேராக மேலே போனாள். அவர் இருந்த பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை. மேலே போக அவருக்குத் தைரியம் இல்லை. போனால் இன்னும் ஏதாவது உளறிவைப்போம் என்ற பயம்.

மூன்றாவது நிறுத்தத்தில் தீவு என்று சொல்ல ஒன்றுமில்லை. செங்குத்தான ஒரு பாறை, உச்சியில் கொஞ்சம் புதர், சுற்றிலும் கரும்பச்சைத் தண்ணீர். வானம் ஒரு பக்கமாக இருண்டுகொண்டு வந்தது. சீக்கிரம் முடித்துக்கொள்ளச் சொல்லிப் படகோட்டி மேலே தன் கூண்டிலிருந்து கத்தினார். பாதிப் பேர்தான் இறங்கினார்கள். அவள் இறங்கினாள். பாறையை ஒட்டிப் போனாள், வளைவில் மறைந்தாள். அவர் பின்பக்கப் பலகையில் உட்கார்ந்து, அவள் ஏறி வந்ததும் என்ன சொல்வது என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மன்னிச்சிடு என்று ஆரம்பிக்கலாமா? எதுக்கு என்று கேட்பாளே. துவைச்சதுக்கு என்றால் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். கேட்காம துவைச்சதுக்கு... அந்த இடத்தில் அவருக்கு ஏதோ பிடிபடுவது மாதிரி இருந்தது. காற்று விசிறியடித்தது. ஒவ்வொருவராக ஏறி, துண்டை உருவிக்கொண்டு, நடுங்கியபடி உள்ளே ஓடினார்கள். அவர் தலைக்கு நேராக ஒரு துண்டு ஒற்றைக் கிளிப்பில் கசங்கி, முறுக்கிக்கொண்டு, படபடவென்று அடித்தது. அவர் கை எழுந்தது. உருவியது. உதறியது. ஓரத்தோடு ஓரம் சேர்த்து, நீவி, நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டது. கேட்காம துவைச்சதுக்கு என்று சொன்னால் அவள் என்ன சொல்வாள் என்று அவர் யோசித்துக்கொண்டே இருந்தார்.

கயிறு காலி. விசில் ஊதியது, நங்கூரச் சங்கிலி கடகடத்தது, படகு திரும்பியது. போன தடவை மாதிரியே முன்பக்கமாக ஏறி மேலே போய்விட்டாள் என்றுதான் நினைத்தார். பாறை சிறிதாகிக்கொண்டே போவதை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு, மடியிலிருந்த துண்டின் மடிப்பையே விரலால் நீவிக்கொண்டிருந்தார். ஒருவழியாக மனசைத் திடப்படுத்திக்கொண்டு, சூடாக ஒரு டீயையும் வாங்கிக்கொண்டு மேலே ஏறினார். மேல்தட்டில் புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி ஒரே போர்வைக்குள் உட்கார்ந்திருந்தது. வேறு யாரும் இல்லை.

டீ எங்கே விழுந்தது என்று அவருக்குத் தெரியாது. கீழே ஓடினார், பாத்ரூம் கதவைத் தட்டினார், உள்ளே இருந்தவர் திட்டினார். முன்பக்கம் ஓடினார். "என் வீட்டுக்காரியக் காணோம்! நிறுத்துங்க! படகை நிறுத்துங்க!" குரல் அவருடையது மாதிரியே இல்லை.

விசில்காரப் பெண் ஓடிவந்தாள். "எப்படிங்க? கயித்துல துண்டே இல்லையே! நான் பார்த்துட்டுத்தானே..." என்றவள் பாதியில் நிறுத்தினாள். அவர் அக்குளில் இடுக்கியிருந்த நீலத் துண்டையும், தோளில் கிடந்த நீலத் துண்டையும் மாறிமாறிப் பார்த்தாள். "உங்ககிட்ட எப்படி ரெண்டு இருக்கு?"

"மடிச்சேன்" என்றார் அவர். "பறந்துடும்னு... சும்மா மடிச்சேன்."

அந்தப் பெண், படகோட்டியின் கூண்டு இருந்த பக்கம் மேலே பார்த்து இரண்டு கையையும் ஆட்டினாள். படகு சாய்ந்து திரும்பியது. "நல்லா நீந்துவாங்களா?" என்று கேட்டாள். "நல்லா நீந்துவா" என்றார். இன்று காலை வரை அவருக்கே அது தெரியாது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பாறை எந்தப் பக்கம் என்றே புரியவில்லை. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போனார் என்று நினைத்திருப்பாளோ? படகைத் துரத்தி நீந்தியிருப்பாளோ? துரத்தியிருந்தால் இந்த அலையில்... அதற்கு மேல் நினைக்க அவரால் முடியவில்லை. அவ போகட்டும். அக்கா வீட்டுக்கே போகட்டும், அங்கேயே இருக்கட்டும், என் முகத்தில் முழிக்கவே வேண்டாம். எங்கேயாவது உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டு இருந்தால் போதும். காலையிலிருந்து அவளை எப்படி நிறுத்துவது என்று தவித்த மனிதர், அழுதுகொண்டே, யாரிடமென்று தெரியாமல், அவளைப் போகவிடச் சம்மதம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பாறையின் அடியில், தண்ணீருக்கு ஒரு முழம் மேலே இருந்த திட்டில், முழங்காலைக் கட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். படகிலிருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து கூச்சலிட்டார்கள். அவள் எழுந்து கையாட்டவில்லை. படகு நின்ற பிறகு மெல்ல இறங்கி, அவசரமே இல்லாமல் நீந்தி வந்து, பின்பக்க ஏணியைப் பிடித்தாள். விசில்காரப் பெண் தூக்கிவிட்டாள். உதடு நீலம் பாரித்திருந்தது, ஒரு முழங்கை சிராய்த்து ரத்தம் கசிந்தது. அவர் இரண்டு கையாலும் துண்டை நீட்டினார். இத்தனை ஓட்டத்திலும் நாலு மடிப்பும் கலையாமல் இருந்தது.

அவள் அதைப் பார்த்தாள். "இதையும் மடிச்சிட்டீங்க" என்றாள்.

"தெரியாம... நீ மேல போயிட்டேன்னு நினைச்சு..."

"நான் அந்த வளைவுலதான் இருந்தேன். படகு திரும்புறதப் பார்த்தேன். நீங்க பின்னாடி என் பக்கம் பார்த்துதான் உக்காந்திருந்தீங்க. கையை ஆட்டினேன். துண்டையே பார்த்துட்டிருந்தீங்க." குரலில் கோபம் இல்லை. பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது, அவ்வளவுதான். சரி சரி என்ற வார்த்தை அவர் தொண்டை வரை வந்தது. அவர் அதை வெளியே விடவில்லை.

அவள் துண்டை வாங்கி உதறினாள். தலையைத் துவட்டினாள், முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டு கொஞ்சநேரம் நின்றாள். பிறகு நனைந்த துண்டைக் கயிற்றில் அலட்சியமாக வீசி, ஒரே ஒரு கிளிப்பைக் குத்திவிட்டு, பலகையில் போய் உட்கார்ந்தாள். "அக்கா, அதான் ஏறிட்டீங்களே. துண்டை எடுத்துக்கங்க" என்றாள் விசில்காரப் பெண். "இருக்கட்டும்மா" என்றாள் அவள். அந்தப் பெண் துண்டைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், முன்பக்கம் போய்விட்டாள்.

படகு கரையைப் பார்த்துக் கிளம்பியது. மழை விட்டிருந்தது, காற்று விடவில்லை. ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். தூரத்தில் ஊர் விளக்குகள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கின. அவற்றுக்கு நடுவில் எங்கோ அவர்கள் வீடும், கட்டிலடியில் அந்தப் பெட்டியும் இருந்தன. துண்டு முறுக்கிக்கொண்டது, பிரிந்துகொண்டது, நேராக எழும்பிக் கடல் பக்கம் நீண்டது. கிளிப் விளிம்புக்கு வந்துவிட்டதை அவர் கண் பார்த்துவிட்டது. இன்னும் ஒரு வீச்சுக்குத் தாங்காது.

"அதைப் பிடிக்கட்டுமா?" என்று கேட்டார்.

அவள் கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கவில்லை. அவளும் துண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். காற்று இன்னொரு தடவை அதைத் தூக்கியது.