வாட்டம் பார்த்து வைத்த குழாய்

மழை பிடித்துக்கொண்டதும் என் வீட்டுக்காரர் டீவியை அணைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனார். ஜன்னலிலிருந்து வாசலுக்கு. வாசலிலிருந்து மறுபடி ஜன்னலுக்கு.

"என்னங்க இது, குட்டி போட்ட பூனையாட்டம்?"

"அவ எந்த வழியா வருவா?"

"யாரு?"

"உன் பொண்ணுதான். வேற யாரு இருக்கா நமக்கு?"

மகள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். ஒரே ஒரு வண்டி, அதுவும் பழசு. பெரிய டிரைவிங் ஸ்கூல் ஒன்றில் வேலை பார்த்து, அந்த முதலாளியின் ஏச்சையும் பேச்சையும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், இதை வாங்கி, தன் காலடியில் ஒரு பிரேக் வைத்து, வண்டித் தலையில் ஒரு போர்டை மாட்டிக் கிளம்பிவிட்டாள். வண்டிதான் ஸ்கூல். வண்டி படுத்தால் மறுபடி அந்த ஆள் முன்னால் போய் நிற்க வேண்டும். "எங்கே போயிடுவே, திரும்பி இங்கதான் வருவே" என்று சிரித்துக்கொண்டே அனுப்பிய ஆள் அவர்.

வண்டிக்கு ஒரே ஒரு நோய், மேடு. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் ஏற்றத்தில்தான் லைசென்ஸ் டெஸ்ட் வைப்பார்கள். பாதி ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுக்க வேண்டும். இது அங்கே போனாலே இழுப்பு வந்த மாதிரி இரைக்கும், அணைந்துவிடும். கற்றுக்கொள்ள வந்தவர்கள் பாவம், தங்களுக்குத்தான் கை வரவில்லை என்று அழுவார்கள்.

என் வீட்டுக்காரர் ஆயுசு முழுக்க பிளம்பர். சும்மா இருப்பாரா? செல்போனில் எதையெதையோ பார்த்துவிட்டு, "இஞ்சினுக்கு மூச்சு முட்டுது. பானெட்டுக்குள்ள வெந்த காத்தையே குடிக்குது. வெளிக்காத்து கொடுத்தா பறக்கும்" என்றார். பரணில் கிடந்த பி.வி.சி. குழாய், வளைவுக்கு இரண்டு எல்போ, பாத்ரூம் தரையில் போடுகிற சல்லடை மூடி. செலவென்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்தார். அதன் பெட்டியிலிருந்த பழைய ரப்பர் குழாயைக் கழற்றி எறிந்துவிட்டு, பம்பருக்கு அடி வரைக்கும் புதுக் குழாயை இறக்கிவிட்டார்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், நேற்று வண்டி முக்காமல் முனகாமல் மேடேறிவிட்டது. "அப்பா, வண்டிக்கு வயசு குறைஞ்சிடுச்சு!" என்று மகள் குதித்துக்கொண்டு வந்தாள். அவருக்கு ராத்திரி வரைக்கும் தரையில் கால் பாவவில்லை.

அந்த மனுஷன் முகம்தான் இப்போது செத்துக் கிடந்தது.

"குழாயை நான் எப்படி வச்சேன் தெரியுமா? வாட்டம் பார்த்து வச்சேன்."

"எப்பவும் அப்படித்தானே வைப்பீங்க? சரிவு இல்லாம குழாய் போட்டா உங்களுக்குச் சோறு இறங்காதே."

"அதான் தப்பு! வாட்டம் தண்ணி வெளியே போறதுக்கு. இது உறிஞ்சுற குழாய். வாய் ரோட்டுக்குச் சாண் ஒசரத்துல தொங்குது. ரயில் பாலத்துக்கு அடியில தண்ணி நிக்கும். அவ அந்த வழியா வந்தா, ஸ்ட்ரா போட்ட மாதிரி உறிஞ்சிடும்."

"உறிஞ்சினா?"

"காத்தை அமுக்கலாம், தண்ணியை அமுக்க முடியுமா? உள்ளே பிஸ்டனைப் பிடிச்சிருக்கிற கம்பி வளைஞ்சிடும். இஞ்சின் காலி." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "பெட்டிக்கு அடியில ஒரு சின்ன ஓட்டை இருந்துச்சு. தண்ணி வடியறதுக்குன்னு இப்பத்தான் புரியுது" என்றார்.

"சரி, வடிஞ்சிடுமில்ல?"

"அடைச்சிட்டேன்."

"ஏன்?"

"ஓட்டையா இருந்துச்சே!"

மகளுக்குப் போன் போட்டேன். பாடம் நடக்கும்போது அவள் போன் பையில் தூங்கும், எடுக்கவே மாட்டாள். அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. அவர் ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டார். கதவைப் பூட்டினேனா இல்லையா என்றுகூடத் தெரியாமல் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். குடையை விரித்தால் காற்று என்னையும் சேர்த்துத் தூக்கப் பார்த்தது. "மெதுவாப் போங்க" என்று ஒரு வாய் சொல்லும், "சீக்கிரம் போங்களேன்" என்று அதே வாய் சொல்லும்.

பாலத்துக்கு அடியில், நட்டநடுத் தண்ணீரில் எங்கள் வண்டி நின்றுகொண்டிருந்தது. பின்னால் பஸ் ஒன்று ஹாரனில் கை வைத்தபடி. ஸ்டியரிங்கில் கற்றுக்கொள்ள வந்த தையல்காரம்மா, நாளைக்கு அவளுக்கு டெஸ்ட். பக்கத்தில் என் மகள். ஓரத்தில் ஒதுங்கி நின்ற கூட்டம் ஆளாளுக்கு உபதேசம்.

"இன்னொரு தடவை செல்ஃப் அடிம்மா!"

"நல்லா அழுத்தி அடி, பிடிச்சுக்கும்!"

இவர் ஸ்கூட்டரை அப்படியே சாய்த்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினார். "அடிக்காதே! சாவியைத் தொடாதே!" ஹாரன் சத்தத்தில் யார் காதில் விழும்? தையல்காரம்மாவின் கை சாவியில் இருந்தது. இவர் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியை உருவிவிட்டார்.

"ஐயோ, யாருங்க நீங்க?"

"அந்தக் குழாயை வச்ச பாவி!"

மகள் அவரையே பார்த்தாள். "ஒரு தடவை அடிச்சுட்டோம்பா. டொக்குன்னு நின்னுடுச்சு."

எல்லோருமாகத் தள்ளிக் கரையேற்றினோம். பாலம் தாண்டி இருந்த மெக்கானிக் வந்து பானெட்டைத் தூக்கினார்.

"யாரு வண்டிக்குள்ள பாத்ரூம் கட்டினது?"

இவர் குனிந்து குழாயைப் பிடித்து இழுத்தார். குழாயைக் கழற்றலாம் என்றால் அது அசையவேயில்லை, அத்தனை இணைப்பையும் சொல்யூஷன் போட்டு ஒட்டியிருக்கிறார் மனுஷன். ஹேக்சா பிளேடைக் கடன் வாங்கி, மழையில் குந்தி உட்கார்ந்து அவரே அறுத்தார். அடைத்த ஓட்டையையும் அவரே குத்தித் திறந்தார். மெக்கானிக் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிச் செல்ஃப் அடித்ததும் உள்ளேயிருந்து தண்ணீர் பீறிட்டு இவர் சட்டையிலேயே விழுந்தது.

"தண்ணி போச்சு. கம்பி வளைஞ்சிருக்கான்னு ஓட்டினாத்தான் தெரியும்" என்றார் மெக்கானிக்.

பிளக்குகள் காயும் வரை மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அம்மா, நான் அந்த ஆள்கிட்ட மட்டும் திரும்பப் போக மாட்டேன்" என்றாள் மெல்ல.

மாட்டினார்கள். சாவியை அவளே திருப்பினாள். ஒரு முறை இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக் காது கொடுத்தோம்.

"டக்கு டக்குன்னு ஏதோ கேக்குது" என்றார் இவர்.

"எனக்குக் கேக்கலையே" என்றாள் மகள்.

"எனக்குக் கேக்குதே!"

"பெரியவரே, அது உங்க நெஞ்சு" என்றார் மெக்கானிக். "மேட்டுல ஏத்திப் பாருங்க. பாரம் விழுந்தா எது இருந்தாலும் வெளியே வந்துடும்."

மகள் ஓட்ட, தையல்காரம்மா பக்கத்தில் உட்கார, நாங்களும் பின்சீட்டில் ஏறிக்கொண்டோம். ஆஸ்பத்திரி மேட்டில் பாதி ஏறியதும் மகள் வண்டியை நிறுத்தினாள், டெஸ்டில் நிறுத்துகிற அதே இடம். மறுபடி எடுத்தாள். குழாய் போன வண்டி பழையபடி இரைத்தது, உதறியது, நகர மாட்டேன் என்றது.

"அப்பா, அம்மா, ரெண்டு பேரும் இறங்குங்க."

"மழைம்மா..."

"இறங்குங்கப்பா! வண்டிக்குப் பாரம்."

இறங்கினோம். வண்டி ஒரு முக்கு முக்கிவிட்டு ஊர்ந்தது. இவர் டிக்கியில் ஒரு கையை வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கேட்டபடியே பின்னால் நடந்தார்.

"தட்டுதா?" என்றேன்.

"இல்லே. மூச்சுதான் வாங்குது."

"வாங்கட்டும்."

வண்டி உச்சிக்குப் போய் நின்றது. மகள் இறங்கிச் சுற்றி வந்து, தையல்காரம்மாவை ஸ்டியரிங்கில் உட்காரவைத்தாள். மேட்டை மறுபடி அடியிலிருந்து ஏறிப் பழக, வண்டி திரும்பி எங்களைப் பார்த்து இறங்கத் தொடங்கியது. நாங்கள் ஓரமாக ஒதுங்கி நின்றோம்.