மஞ்சளுக்குக் கீழே பச்சை

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கிடைத்தது அம்மாவின் கல்யாணப் புடவையைச் சோதிக்கப் போன இடத்தில். நான் சிறுமியாக இருந்தபோதே அப்பா வேறு குடும்பம் தேடிக்கொண்டு போய்விட்டார். “அந்த மனுஷன் பொய்யில்லாம குடுத்தது இந்த ஜரிகை ஒண்ணுதான்” என்று அம்மா சாகும்வரை சொன்னாள். அவள் போன மூன்றாம் மாதம், அது அசலா என்று பார்க்கத் தோன்றியது. ஏன் என்று கேட்காதீர்கள்.

பிள்ளையார்பாளையத்தில் ஜரிகை சோதிப்பவர் குமரகுரு. அசல் என்றால், இழையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிய வேண்டும். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, லென்ஸில் பார்த்து, “அசல்தான்மா” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கவனிக்காதவர்போலக் கைபேசியை எடுத்தார். திரையில் ஒரு மஞ்சள் கார்.

2

(கதையைக் காரிலிருந்தே தொடங்கியிருக்கலாம். ‘ஓஹையோவில், பனி மூடிய ஒரு கொட்டகைக்குள்…’ வேண்டாம். ஓஹையோவை நான் பார்த்ததில்லை. குமரகுருவும் பார்த்ததில்லை.)

அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. பெரிய இன்ஜின் வைத்த எழுபதுகளின் அமெரிக்க மசில் கார்களில் அதிகம் பேர் அறியாதவை எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஒன்றைக்கூட நேரில் கண்டதில்லை. இணையக் குழுவில் யார் யாரோ படம் அனுப்பி அசலா போலியா என்று கேட்பார்கள், இவர் சொல்வார். பகல் முழுக்கச் செய்யும் வேலை போதவில்லை போலிருக்கிறது.

அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் அங்கே போகத் தொடங்கினேன். கார்களைப் பார்க்க என்று எழுதி வைத்திருந்தேன். அடித்துவிட்டேன். எனக்கும் வீட்டில் பேச ஆளில்லை.

3

முதல் வரைவில் அவருக்குக் கலைவாணி என்று ஒரு மனைவியைக் கொடுத்தேன். காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, “கார மட்டும் கட்டிக்கினு அழு” என்பாள். நன்றாகத்தான் பேசினாள். ஆனால் அந்த அறையில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி. எனக்கென்று இரண்டாவதை அவர் வாங்கியது பிறகுதான். கலைவாணியை எடுத்துவிட்டேன்.

4

மஞ்சள் கார் ஓஹையோவில் இருக்கும் டேல் என்பவருடையது.* இறந்துபோன அவருடைய அப்பா விட்டுச்சென்றது. இரண்டு ஆண்டுகளாக டேல் தினமும் காலையில் குமரகுருவுக்கு ஒரு படமும் இரண்டு வரியும் அனுப்புகிறார்.

* ஓல்ட்ஸ்மொபில் ராலி 350, 1970. மஞ்சளைத் தவிர வேறு நிறமே கிடையாது. பம்பர், சக்கரம் வரை மஞ்சள் பூசிக் குளித்த கார். வாங்க ஆள் வராமல், சில கடைக்காரர்கள் பம்பரை மட்டும் மாற்றி விற்றார்களாம்.

போன சனிக்கிழமை குமரகுரு எனக்கு ஒரு பழைய படத்தைக் காட்டினார். டேல் பின்னிருக்கையைக் கழற்றிவிட்டுப் பிடித்து, அசலா என்று கேட்டு அனுப்பியது. மஞ்சள் உரிந்த இடத்தில் பச்சை. சாதாரணக் காராகப் பிறந்து, யாரோ மஞ்சளடித்து விற்றிருக்கிறார்கள்.

“டேல்கிட்ட என்ன சொன்னீங்க?”

“அசல்னுட்டேன்மா.”

அடுத்த மாதம் டேல் அதை ஒரு கண்காட்சியில் அசல் கார்களின் வரிசையில் நிறுத்தப் போகிறார். அங்கே இருக்கையைத் தூக்கிப் பார்ப்பார்கள். ஊர் பார்க்க அவமானம். அதற்குள் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்றேன். அவர் லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“இருபத்தாறு வருசமா சுரண்டிக்கினு இருக்கேன்மா. அசல் இல்லன்னு நான் சொல்லி அனுப்பினவங்க யாரும் திரும்பி வந்ததில்ல.”

5

முடிவுகள்.

அ) குமரகுரு சொல்லிவிடுகிறார். ‘எனக்குத் தெரியும் நண்பா’ என்று டேல் பதில் எழுதுகிறார். (அழகாக இருக்கிறது. அதனாலேயே நம்ப முடியவில்லை.)

ஆ) சொல்லவில்லை. கண்காட்சிக்கு மறுநாள் காலை படம் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும்

இதை முடிக்க முடியவில்லை. பேனாவை வைத்துவிட்டுப் புடவை இருக்கும் பீரோவைப் பார்த்தேன். ‘திரும்பி வந்ததில்ல’ என்றாரே. நான் வந்தேனே. வாராவாரம் வந்தேனே. என் புடவையை அசல் என்று சொன்ன அன்றைக்கு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிவப்பு நூலை நான் பார்க்கவில்லை.

6

புடவை பீரோவில் இரண்டாம் தட்டில் இருக்கிறது. சுரண்ட லென்ஸ்கூட வேண்டாம், நகம் போதும். முடிவு வேண்டும் என்கிறவர்கள் வந்து பார்த்துக்கொள்ளுங்கள், சாவியைத் தருகிறேன். சிவப்போ, இல்லையோ, என்னிடம் மட்டும் சொல்லாதீர்கள். சனிக்கிழமை வேண்டாம். அன்று நான் வீட்டில் இருக்க மாட்டேன்.