நாத்தனாரின் சனிக்கிழமைகள்

ஊரில் பாதிப் பேருக்கு கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். எல்லாருக்கும் மாஸ்டர். மறதி நோய் வந்த பிறகு, சாப்பிட்டது மறந்தது, மனைவி முகமே சில நாள் மறந்தது. வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்பது மட்டும் மறக்கவில்லை. காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, "சாவி எங்க?" என்று ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை அதே கேள்விதான். மனைவி கொல்லையில் நின்ற பயிற்சி காரின் சாவியை ஒளித்துவைத்துவிட்டு, முன்னறையில் தையல் கடையை நடத்திக்கொண்டிருந்தாள். ஒரு கண் ஊசியில், ஒரு கண் வாசலில்.

ஒருநாள் வாடிக்கையாளருக்கு அளவு எடுக்கும்போது மாஸ்டர் நழுவிவிட்டார். தெருக்கோடியில் யாரோ காரைப் பூட்டாமல் மருந்து வாங்கப் போயிருக்க, அதில் ஏறி உட்கார்ந்துகொண்டார். திரும்பி வந்த சொந்தக்காரரிடம், "முதல் நாளே லேட்டா? பெல்ட்டைப் போடு" என்றார். அந்த ஆள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது.

கெஞ்சிக் கூத்தாடி அவரை வீட்டுக்கு அழைத்துவந்தாள். கதவைச் சாத்தியதும், "ஏங்க இப்படி என் உயிரை வாங்குறீங்க?" என்று கத்திவிட்டாள். மாஸ்டர் சுவரோடு ஒட்டி நின்று இரண்டு கையாலும் முகத்தை மறைத்துக்கொண்டார். அடிக்கப்போகிறாள் என்று பயந்துவிட்டார்.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போனபோது நர்ஸ் அவரைச் சோதித்துவிட்டு அவள் பக்கம் திரும்பினாள். "அவர் இருக்கட்டும். நீங்க தூங்குறீங்களா?"

அதை அதுவரை யாரும் கேட்டதில்லை. அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"நூலகத்து மாடியில சனிக்கிழமை சாயங்காலம் உங்களை மாதிரி ஆளுங்க கூடிப் பேசுவோம். வாங்க."

"இவரை யாருகிட்ட விட்டுட்டு வர்றது?"

"யாரையாவது கேட்டுப் பார்த்தீங்களா?"

கேட்டதில்லை. பக்கத்து ஊரில் வங்கி மேனேஜராக இருந்த நாத்தனாருக்கு அன்றே போன் செய்தாள்.

"அண்ணன் போன்ல நல்லாத்தானே பேசுறார், அண்ணி? நீங்கதான் ரொம்பப் பெருசு பண்றீங்க."

வழக்கமாக இந்த இடத்தில் பேச்சை முடித்துவிடுவாள். அன்று விடவில்லை. "இருக்கட்டும்மா. சனிக்கிழமை ஒரு சாயங்காலம் நீ வந்து பார்த்துக்க. எனக்கு முடியல." முடியல என்ற சொல்லை அவள் வாயிலிருந்து நாத்தனார் கேட்டதே அப்போதுதான். அந்தச் சனிக்கிழமையே வந்துவிட்டாள்.

நூலகத்து மாடியில் வட்டமாக நாற்காலி போட்டிருந்தார்கள். பக்கத்தில் ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர். "எங்கம்மா போன வாரம் ஸ்டேஷனுக்கு போன் போட்டு, வீட்டுல ஒரு தடியன் புகுந்துட்டான், பிடிச்சுட்டுப் போங்கன்னு சொல்லிட்டாங்க. அந்தத் தடியன் நான்தான்" என்றார். அறையே சிரித்தது. அவளும் சிரித்தாள். அடுத்த நிமிடமே, "நான் அவரைப் பார்த்துக் கத்திட்டேன். பயந்துட்டார்" என்று உடைந்து அழுதாள். யாரும் முகம் சுளிக்கவில்லை. போலீஸ்காரர், "நாங்களும் கத்தியிருக்கோம்மா" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

நர்ஸ் சொன்னாள்: "வகுப்பு இல்லைன்னு எத்தனை தடவை சொன்னாலும் அவருக்கு ஏறாது. சண்டைதான் மிஞ்சும். அவர் எங்க இருக்காரோ அங்க போய்ப் பேசிப் பாருங்க."

வீட்டில் என்ன ஆயிற்றோ என்று வேகவேகமாகத் திரும்பினாள். வாசலிலேயே மாஸ்டரின் அதட்டல் கேட்டது. "கிளட்ச்சை மிதி! கண்ணாடியைப் பார்!"

கொல்லையில் நின்ற பழைய பயிற்சி காரில் நாத்தனார் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இருக்கையில் மாஸ்டர், ராஜா மாதிரி.

நாத்தனார் இறங்கி வந்தாள். கண் சிவந்திருந்தது. "பயப்படாதீங்க அண்ணி, எதிர்வீட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டு பேட்டரியைக் கழட்டச் சொல்லிட்டேன். 'உனக்கு ஏதுண்ணா வகுப்பு'ன்னு முதல்ல நானும் மல்லுக்கு நின்னேன். 'நீங்க யாரும்மா?'ன்னு கேட்டுட்டார். அழுதுட்டேன். 'அழாதீங்க, முதல் நாள் எல்லாருக்கும் பயமாத்தான் இருக்கும்'னு சமாதானம் சொன்னார். அப்புறம் என்ன பண்றது, சேர்ந்துட்டேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "போன்ல எனக்கு ஒண்ணும் தெரியல, அண்ணி. இனிமே சனிக்கிழமை என் பொறுப்பு."

நோய் நின்றுவிடவில்லை. மாஸ்டருக்குப் பேச்சு குறைந்தது, நடை தளர்ந்தது. ஆனால் கொல்லை வகுப்பு தினமும் நடந்தது. கடை வேலைக்கு நடுவே மனைவியும் ஸ்டியரிங் பிடித்தாள். ஒருநாள் அவளை உற்றுப் பார்த்து, "நல்லா ஓட்டுறீங்க. கல்யாணம் ஆயிடுச்சா?" என்றார்.

"ஆயிடுச்சுங்க. அவரும் டிரைவிங் மாஸ்டர்தான்."

"அடடா, ரொம்பத் திட்டுவாரே!"

அவள் சிரித்துக்கொண்டே அவர் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள். அவர் இழுத்துக்கொள்ளவில்லை.

அந்த வாரக் கூட்டம் முடிந்ததும் எல்லாரும் எதிர்க் கடைக்கு டீ குடிக்கக் கிளம்பினார்கள். அவள் பழக்கதோஷத்தில் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு ஓடப் பார்த்தபோது நாத்தனார் வீட்டிலிருந்து போனில் கூப்பிட்டாள். "அண்ணன் சாப்பிட்டுட்டு டிவி பார்க்கிறார். அவசரப்பட்டு வந்து நிக்காதீங்க, அண்ணி."

அவள் திரும்பி வந்து போலீஸ்காரருக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். "எனக்கும் ஒரு டீ. சர்க்கரை தூக்கலா" என்றாள்.